சுசுகி கார் எந்த நாட்டில் செய்தது? வாங்குவதற்கு முன் பார்க்கும் முறை

வவுனியாவில் கராஜ் வைத்திருக்கிறேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இஞ்சினைத் திறப்பதற்கு முன்பே வரும் கேள்வி, "அண்ணை, இது ஜப்பானா இந்தியாவா?" என்பதுதான். விற்கிறவர் சொல்லும் பதில் எப்போதும் ஜப்பான். சுசுகி ஜப்பான் கொம்பனி, அதனால் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது கொம்பனிக்கு அல்ல, முன்னால் நிற்கும் அந்த ஒரு காருக்கு.

சுசுகியின் தலைமையகம் ஹமமட்சுவில். அதைச் சுற்றியுள்ள கொசாய், சகாரா தொழிற்சாலைகளிலிருந்து ஜப்பான் கார்கள் வருகின்றன. இந்தியாவில் 1983இல் குர்கானில் மாருதி 800 வெளிவந்தது. பிறகு மானேசர், குஜராத்தில் ஹன்சல்பூர், 2025இல் கர்கோடா. ஹங்கேரியில் எஸ்டெர்கோம் நகரத்தில் 1992 முதல் செய்கிறார்கள். இந்தோனேசியா, பாகிஸ்தானிலும் உண்டு. நம் ரோட்டில் ஓடும் சுசுகி பெரும்பாலும் இரண்டு வழியாக வந்தவை: ஏஜென்ட் மூலம் புதிதாக வந்த இந்திய வண்டி, அல்லது ஜப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக வந்தது.

காரைப் பார்க்கப் போகும் முன்பே செசி நம்பரை, அதாவது காரின் உடலில் அடித்திருக்கும் அடையாள நம்பரைக் கேளுங்கள். வாகனப் புத்தகத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும். "வாங்கோ, வந்து பார்ப்பம்" என்று இழுப்பவரிடம் போவதா என்று இரண்டு தரம் யோசியுங்கள்.

நம்பர் கையில் வந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். இடையில் கோடு இல்லாமல் 17 எழுத்தும் இலக்கமுமாக இருந்தால் அது உலகப் பொது முறை. முதல் மூன்றையும் வாசியுங்கள். எம்ஏ3 என்றால் மாருதி சுசுகி, இந்தியா. ஜேஎஸ்ஏ என்றால் ஜப்பானில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. டிஎஸ்எம் (TSM) ஹங்கேரி, எம்எச்ஒய் இந்தோனேசியா. இந்த முறையில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. புத்தகத்தில் ஓ போலத் தெரிந்தால் அது பூச்சியம். பத்தாவது எழுத்து செய்த ஆண்டு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்க விதி, எல்லா நாட்டு வண்டிக்கும் பொருந்தாது. அதை வைத்து ஆண்டைச் சண்டை பிடிக்காதீர்கள்.

நம்பர் குட்டையாக, நடுவில் ஒரு சிறு கோட்டுடன் இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான வண்டி. கோட்டுக்கு முன்னால் இருப்பது மாடல் குறி. வேகன் ஆர் என்றால் எம்எச்34எஸ், எம்எச்44எஸ், எம்எச்55எஸ் என்று வரும். ஜப்பான் அல்டோ எச்ஏ36எஸ்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். குட்டை நம்பர் இருந்தால் ஜப்பானில் விற்ற கார் என்பது உறுதி. ஜப்பானில் செய்த கார் என்பது உறுதியில்லை. 2010இல் வந்த கே13 நிசான் மார்ச்சை ஜப்பான்காரர்களே தாய்லாந்திலிருந்து இறக்கித்தான் ஓட்டினார்கள். சுசுகியும் 2016இல் பலேனோவை இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோனது, 2024இல் ஃபுரோன்க்ஸை. ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரி கடைசியில் அங்கே அறிவித்தபோது, நாலைந்து நாளில் சுமார் 50,000 ஓடர் குவிந்து, பதிவையே நிறுத்தினார்கள். அது குர்கானில் செய்த வண்டி! ஆகவே ரீகண்டிஷன் பேப்பரையும் ஏல ஷீட்டையும் (ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தரும் தாள்) காட்டி "சுத்த ஜப்பான்" என்று ஒருவர் சத்தியம் பண்ணினால், மாடல் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நம்புங்கள். வேகன் ஆர், ஜப்பான் அல்டோ போன்ற 660 சீசீ சின்ன வண்டிகளில் இந்தப் பயம் வேண்டாம்.

அடுத்தது புத்தகம். அதில் 'உற்பத்தி நாடு' என்று ஒரு கட்டம் உண்டு. பதியும்போது புதியதா ரீகண்டிஷனா என்பதும் இருக்கும். அதைப் படித்ததோடு விடாமல் பொனட்டைத் திறந்து, உடலில் அடித்திருக்கும் நம்பரை ரோர்ச் அடித்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சில மாடல்களில் அது முன் சீட்டடியில், கார்பெட்டுக்குக் கீழே இருக்கும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ, எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்காவிட்டாலோ திரும்பி வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை.

பேப்பரே இல்லாமலும் ஓரளவு பிடிக்கலாம். ஜப்பான் வேகன் ஆர் 658 சீசீ, அகலம் 1.48 மீற்றருக்கு மேல் போகாது, ஏனென்றால் அங்கே 660 சீசீ சின்ன வண்டி வகுப்புக்கு அதுதான் எல்லை. 2019இல் வந்த இந்திய வேகன் ஆர் 998 அல்லது 1197 சீசீ, அகலம் 1.62 மீற்றர். பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஸ்பீட் மீற்றர் 140இல் முடிந்தால் ஜப்பான் சின்ன வண்டி. எனக்குப் பிடித்த சோதனை கியர். ஜப்பான் ஓட்டோமெட்டிக் கியரில் பெரும்பாலும் 'பி' (பார்க்கிங்) இருக்கும். இந்தியாவின் ஏஜிஎஸ் கியரில் 'பி' கிடையாது. அது மனுவல் கியர்ப்பெட்டியை மோட்டார் வைத்து மாற்றுகிற ஏற்பாடு, கியரில் விட்டு ஹாண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் உள்ள முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள், உடைந்த கண்ணாடியை எங்கே மாற்றினார்களோ யாருக்குத் தெரியும். சன் வைசரில் ஜப்பானிய எழுத்து ஸ்டிக்கர் இருப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு வியாபாரி விற்க வைத்திருந்த இந்திய அல்டோவிலும் அப்படி ஒன்று ஒட்டியிருந்தது.

இந்தியாவில் செய்தது என்றால் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். 796 சீசீ அல்டோவுக்குப் பாட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்தப் பொடியனும் திருத்துவான். ஜப்பான் ஹைபிரிட் வேகன் ஆருக்கு பயணி சீட்டடியில் ஒரு லித்தியம் பட்டரி இருக்கிறது, அது போனால் கொழும்புக்கு போன் அடிக்க வேண்டிவரும். நாள்தோறும் கிரவல் ரோட்டில் ஓடுகிறவருக்கு நான் அல்டோவைத்தான் காட்டுவேன். ஆனால் இந்திய வண்டிக்கு ஜப்பான் விலை கேட்டால் விடக்கூடாது. எம்ஏ3 என்று தொடங்கும் நம்பரைக் காட்டிப் பேரம் பேசுங்கள்.

எல்லாம் பொருந்தினாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன விவரத்தை எடுத்து ஒரு தரம் ஒப்பிடுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.