யாங்கஸை வைத்து ஃபார்ச்சூன் ஸ்ட்ரீட் ஆடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராகன் குவெஸ்ட் 8 என்ற வீடியோ கேமில் (2004) கோடரியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகும் முன்னாள் கொள்ளைக்காரன் யாங்கஸ், 2011-இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்த, டைஸ் உருட்டிக் கடையும் ஷேரும் வாங்கும் பலகை விளையாட்டான ஃபார்ச்சூன் ஸ்ட்ரீட்டில் மாரியோ கூட்டத்துக்கு நடுவே கடை வாங்கி விற்கிறான். ஐரோப்பாவில் இதற்கு பூம் ஸ்ட்ரீட் என்று பெயர், ஆட்டம் ஒன்றுதான். டிராகன் குவெஸ்ட், ஃபார்ச்சூன் ஸ்ட்ரீட் இரண்டு தொடர்களும் கேம் வடிவமைப்பாளர் யூஜி ஹோரியின் கைவண்ணமே. ஆனாலும் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடி பலத்தை வளர்க்கும் கேம்) பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் அடிதான் மிஞ்சும்.

முதல் தவறு, பலம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் ஆடும்போது யாங்கஸுக்கும் டிராகன் குவெஸ்டின் குட்டி அரக்கன் ஸ்லைமுக்கும் ஒரே டைஸ், ஒரே காசு. தனித்திறமை எவருக்கும் கிடையாது. கம்ப்யூட்டர் ஆடும்போதுதான் ஆளுக்கேற்ப சாமர்த்தியம் மாறும். பிடித்த முகத்தை எடுங்கள்.

அடுத்தது, காசைக் குவித்து வைப்பது. வெற்றியைத் தீர்மானிப்பது மொத்தச் சொத்து: கைக்காசு, கடைகளின் மதிப்பு, ஷேர்களின் மதிப்பு மூன்றும் சேர்ந்தது. கைக்காசு மட்டும் தானாக வளராது. அதற்காக முழுவதையும் முடக்கிவிடவும் கூடாது. கைக்காசு பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஷேர்களை விற்றாக வேண்டும், போதாவிட்டால் கடைகளையும்.

ஆட்டத்தின் உயிர்நாடி ஷேர்தான். பலர் சறுக்குவதும் இங்கேதான், அதுவும் வரிசையை மாற்றிச் செய்வதால். சொந்தக் கடையில் நிற்கும்போது முதலீடு செய்தால் அந்த வட்டாரத்து (அந்தக் கடை இருக்கும் பகுதியின்) ஷேர் விலை ஏறும். ஆகவே பலகையில் உள்ள பேங்க் கட்டத்தைக் கடக்கும்போதே அந்த வட்டாரத்து ஷேரை வாங்கிவிட்டு, பிறகு முதலீடு செய்யுங்கள். முதலீடு செய்த பிறகு வாங்கினால், நீங்களே ஏற்றிவிட்ட விலையை நீங்களே கொடுக்க வேண்டும். உங்கள் வட்டாரத்து ஷேரை எதிராளி நிறைய வைத்திருக்கிறானா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் முதலீட்டில் பாதி உழைப்பு அவனுக்குத்தான்.

ஒரே தடவையில் 10 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஷேர் விலை ஏறும், விற்றால் இறங்கும். அவசரத்துக்குக் காசு தேவையென்றால் 9 மட்டும் விற்றுப் பழகுங்கள், விலை அசையாது. எதிராளி ஏராளமாக வைத்திருக்கும் ஷேர் உங்களிடமும் இருந்தால், வேண்டுமென்றே 10-ஐத் தள்ளிவிட்டு அவன் சொத்தைக் குறைக்கலாம். விற்பது டைஸ் உருட்டுமுன் எப்போதும் முடியும். வாங்குவதற்குப் பெரும்பாலும் பேங்க் வரை போக வேண்டும்.

கண்ட இடத்தில் கடை வாங்குவதும் வீண். ஒரே வட்டாரத்தில் 2, 3 என்று சேர்ந்தால்தான் அங்கே வந்து நிற்பவர் தரும் கட்டணமும், கடையில் போடக்கூடிய முதலீட்டின் வரம்பும் உயரும். அந்த ஆசையில் எதிராளியின் கடையை வலுக்கட்டாயமாகப் பிடுங்க, கடை மதிப்பைப்போல் 5 மடங்கு கொடுக்க வேண்டும். 300 மதிப்புள்ள கடைக்கு 1,500 போகும். சொத்தில் உடனே 1,200 குறையும். வட்டாரம் முழுதாகக் கைக்கு வரும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பலகையில் ஆங்காங்கே இருக்கும் ஸ்பேட், ஹார்ட், டயமண்ட், கிளப் என்ற நான்கு சின்னங்களையும் சேர்த்து பேங்குக்கு வந்தால் சம்பளம். பக்கத்துக் கிளைவழியில் ஒன்று விடுபட்டால் இன்னொரு சுற்று போக வேண்டியிருக்கும், ஏனென்றால் நினைத்த இடத்தில் திரும்பி நடக்க முடியாது. வெற்றிக்கு வைத்த இலக்குத் தொகையை மொத்தச் சொத்து நெருங்கும்போது இது இன்னும் முக்கியம்: இலக்கைத் தொட்டால் மட்டும் வெற்றி கிடையாது, அந்தச் சொத்தோடு பேங்குக்கு வந்து சேர வேண்டும்.