ஸ்ட்ராபெர்ரியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க

பறித்ததும் கழுவி வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. இரண்டே நாளில் காம்போரம் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கும். அது போட்ரைடிஸ் என்ற பூஞ்சை. ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும். ஈரம் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அதனால் சாப்பிடப்போகும்போது மட்டும் கழுவுங்கள்.

காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் பறித்துவிடுவது நல்லது. பழத்திலிருந்து காம்பைக் கிள்ளி எடுக்க வேண்டாம். கிள்ளிய இடம் காயமாகி, பூஞ்சைக்கு வழிவிடும். அகலமான டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மூடியை இறுக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். 0 முதல் 2 டிகிரி செல்சியஸ்தான் இதற்குச் சரி.

அப்புறம், தினமும் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு பழமாகப் புரட்டிப் பார்ப்பேன். ஏதாவது ஒரு பழத்தின் அடிப்பக்கம் பளபளப்பு மங்கி, விரல் பட்டாலே அமுங்கும். அந்தப் பழம்தான் முதலில் கெடும். அதை அன்றே ஜாமுக்கு எடுத்துவிடுவேன். பூஞ்சை பிடித்தது இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, அடியில் இருக்கும் பேப்பரையும் மாற்றிவிடுங்கள். கெட்ட பழத்தை ஒட்டியிருந்த பழங்களைத் தனியே எடுத்து நன்றாகப் பாருங்கள்.