கவிதைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கவிதை எழுதும் பலர் தாளை எடுத்து வைத்த பிறகுதான் விஷயத்தைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் கைக்கு அகப்படுவது நிலா, மௌனம், தனிமை என்று ஏற்கெனவே தேய்ந்துபோன சரக்குதான். கையிருப்பு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, நாளுக்கு மூன்று வரி. கண்ட பொருள், காதில் விழுந்த பேச்சு, இடம், நேரம் மட்டும் குறியுங்கள். உணர்ச்சியின் பெயர் வேண்டாம். "சோகமாக இருந்தது" என்ற குறிப்பிலிருந்து ஆறு மாதம் கழித்து எதையும் எடுக்க முடியாது. "பல்லடம் பஸ் ஸ்டாண்ட், பொழுது சாயும் நேரம், பனியன் துணி மூட்டைமேல் தலைவைத்துத் தூங்கும் பையன்" என்றிருந்தால் எடுக்கலாம்.

பேச்சைக் கேட்டபடியே எழுதுங்கள். போனில் குறிப்பவர்கள் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட வேண்டும். இட்டேறி, சாளை, ஒடக்கான் போன்ற கொங்குப் பேச்சுச் சொற்கள் எல்லாம் அதன் கையில் வேறு சொல்லாகிவிடும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பாருங்கள்.

இனி திருத்தம். உண்மையான வேலை இங்கேதான். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றைப் பற்றி நோட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "கரண்ட் போனது. தறி நின்றது. அம்மா அப்போதும் கத்தியே பேசுகிறாள்." இதிலிருந்து எழுதிய முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

விசைத்தறியின் இரக்கமற்ற இரைச்சலில்
கரைந்துபோன தாயின் குரல்போல
என் கனவுகளும் கரைகின்றன

மூன்று கோளாறுகள். "இரக்கமற்ற" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் வாசகருக்குத் தறிச் சத்தம் கேட்கவில்லை. "போல" வந்ததும் அம்மாவைப் பாதியில் விட்டுவிட்டுக் கவிதை நம் பக்கம் திரும்பிவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, குரல் கரைந்தது என்பதே பொய். வருஷக்கணக்காகத் தறிக்கு மேலே பேசிப் பேசி அந்தக் குரல் உரத்துப் போயிருக்கிறது. நோட்டு சொன்னது அதைத்தான். திரும்ப அதனிடமே போக வேண்டும்:

கரண்ட் போய்
தறிகள் நின்ற பின்னும்
கத்தித்தான் கேட்கிறாள் அம்மா
"சோறு உண்டயா சாமி"

சொல்பவர் குரல் எழுத்துத் தமிழில், அம்மாவின் பேச்சு வட்டார வழக்கில். எந்த வரி எந்த வழக்கு என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். "போனது", "போச்சு" இரண்டும் ஒரே குரலில் கலந்தால் வாசிப்பவர் தடுக்கி நிற்பார்.

பிறகு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். மூச்சு விடும் இடத்தில் வரியை முறியுங்கள். கடைசி வரியைக் கையால் மூடிப் பாருங்கள். கவிதை அப்போதும் நின்றால் அந்த வரி தேவையில்லை. மேலே உள்ளதில் "இனி இந்த வீட்டில் மௌனமே இல்லை" என்று ஐந்தாவதாக ஒன்று சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள்.

எழுதிய இரவே வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆசையை ஒரு வாரமாவது அடக்குங்கள். எழுதி முடித்த சூட்டில் எல்லா வரியும் நல்ல வரியாகவே தெரியும். நாலு பேர் "அருமை" என்றுவிட்டால் அந்த வரியை வெட்ட மனசு வராது. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல வரியையும் சேர்த்துக் கிழித்துவிடுவோம். இரண்டுமே கவிதைக்குக் கேடு. ஏழாம் நாள் எடுத்துப் படிக்கும்போது அது வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும். கத்தரிக்கோல் எடுக்க அதுவே நேரம்.

கோவையில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1971-இல் இங்கிருந்து புறப்பட்ட வானம்பாடி இதழ் புதுக்கவிதையை மக்கள் நடுவே கொண்டுபோனது. அது நமக்குக் கிடைத்த பெரும் சொத்து. அதோடு உரத்த மேடைக்குரலும் நம் காதில் தங்கிவிட்டது. அரங்கில் வாசிக்க அந்தக் குரல் பொருந்தும். நாலு வரிக் கவிதையில் அதுவே கோஷமாகிவிடும். ஆச்சரியக்குறிகளை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஒன்றும் எழுத வராத மாதங்கள் வரும். அடுத்தவர் தொகுப்பு வெளிவரும்போது வயிறு எரியவும் செய்யும். அதை வைத்துக் கவிதை எழுத முயல வேண்டாம், பெரும்பாலும் புலம்பலாகிவிடும். அந்த நாட்களில் காதைப் பழக்குங்கள். நேரிசை ஆசிரியப்பா என்ற மரபு யாப்பில் தினம் எட்டு அடி: அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று. நோட்டில் உள்ளதையே இதில் போட்டுப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. சீர் எண்ணும் வேலையில் மனசு தன் புலம்பலை விட்டுவிடும். கூடவே ஒரு வருடத்துக்கு முந்தைய பக்கங்களைப் புரட்டுங்கள். இன்னும் உறுத்துகிற குறிப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்த வரைவை அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.