வீட்டிலேயே குமிழி வளையம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவிழாக் கடையில் விற்கும் சோப்பு முட்டை டப்பாவைத் திறந்து, அதனுள் இருக்கும் வளையத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வளையத்தின் விளிம்பு வழுவழுப்பாக இராது. சீப்பின் பற்களைப் போலச் சுற்றிலும் வரிவரியாக வெட்டியிருப்பார்கள். அழகுக்காகச் செய்தது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த வரிகள் ஒவ்வொன்றும் சிறிது கரைசலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஊதும்போது படலம் விரிந்துகொண்டே போவதற்கு வேண்டிய நீர் அங்கிருந்துதான் வந்து சேர்கிறது. வீட்டில் செய்த வளையத்தில் குமிழி வராதபோது ‘உனக்கு ஊதத் தெரியவில்லை’ என்று குழந்தையைச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குறை வளையத்தில்தான் இருக்கும்.

கட்டுக்கம்பியை வளைத்து அப்படியே குழந்தையின் கையில் கொடுப்பது முதல் தவறு. வழுக்கும் கம்பியில் கரைசல் தங்காமல் வழிந்துவிடுவதால், படலம் உருவானாலும் ஊதியவுடன் கிழிந்துபோகும். கம்பியைச் சுற்றிப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டால், அது விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சிக்கொள்வது போலக் கரைசலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வளையம் மூடும் இடத்தில் இடைவெளி இருந்தால் படலம் நிற்காது. ஆகவே கம்பியின் முனையைக் கைப்பிடியோடு இரண்டு மூன்று சுற்றாக முறுக்கி, கூர்மையான நுனியை உள்ளே மடக்கி, அதன்மேல் துணியோ ஒட்டு நாடாவோ சுற்றிவிட வேண்டும். கண்ணுக்கு நேராகப் பிடிக்கும் பொருள் என்பதால் இந்த நுனி விஷயத்தில் அலட்சியம் கூடாது.

கம்பியைவிட எனக்குப் பிடித்தது தென்னை ஈர்க்குதான். ஆனால் விளக்குமாற்றிலிருந்து உருவிய காய்ந்த ஈர்க்கை வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். பச்சை ஓலையிலிருந்து கிழித்த ஈர்க்கு, அது கிடைக்காவிட்டால் சிறிது நேரம் நீரில் ஊறவைத்த ஈர்க்கு, வளைக்கச் சரியாக இருக்கும். சொரசொரப்பான பரப்புள்ளதால் நூல் சுற்றாமலேயே ஓரளவு கரைசலைத் தாங்கும்.

சமையலறைப் பொருள்களில் ஜல்லிக்கரண்டியும் இடியாப்ப அச்சின் வில்லையும் தைரியமாகக் கொடுக்கக் கூடியவை. கண்ணாடி வளையலும் கத்தரிக்கோலின் கைப்பிடி வளையமும் ஊதுவதற்கு வசதியாகத் தோன்றினாலும் கொடுக்கக் கூடாதவை. உறிஞ்சுகுழலில் ஊத விடுவதாக இருந்தால் வேறொரு ஆபத்தை நினைவில் வைக்க வேண்டும்: இளநீர் குடித்துப் பழகிய குழந்தை குழலை வாயில் வைத்ததும் ஊதாமல் உறிஞ்சவே செய்யும். குழலின் மேற்பாதியில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் உறிஞ்சினாலும் கரைசல் வாய்வரை ஏறுவது கடினம்.

கரைசலில் நடக்கும் தவறுகளில் பெரியது, குளியல் சோப்பைச் சீவி ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கரைப்பது. அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடுவதால் குமிழிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு பங்கு, குடிநீர் ஆறு பங்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒன்றிரண்டு கரண்டி என்று கலந்தால் போதும். கிளிசரின் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதற்குப் பதிலாகச் சர்க்கரைப் பாகு சேர்ப்பவர்கள் உண்டு. குமிழி நன்றாகவே வரும், எறும்பும் வரும். கலந்ததும் குலுக்குவது, கையால் அடித்து நுரை கிளப்பிக் குழந்தையை மகிழ்விப்பது இரண்டும் வேண்டாம். மேலே நுரை மிதந்தால் வளையத்தில் சீரான படலம் அமையாது. மெதுவாகக் கலக்கி ஓர் இரவு வைத்திருந்தால் நுரை அடங்கிவிடும். இயற்கையானது என்று பூந்திக்கொட்டை நீரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அது கண்ணில் பட்டால் எவ்வளவு எரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எந்தக் கரைசல் பட்டாலும் கண்ணைக் கசக்க விடாமல் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவ வேண்டும்.

சிறுவயதில் காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, அதன் பாலில் குமிழி விட்ட நினைவில் அதையே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப் பலருக்கும் ஆசை வரும். அந்தப் பால் தோலையும் கண்ணையும் உறுத்தும், விதையோ நஞ்சு. அந்த ஆசையைக் கதையாகச் சொல்லித் தீர்த்துக்கொள்வதே நல்லது.

உச்சி வெயிலிலும் மின்விசிறிக்குக் கீழேயும் குமிழி நிலைக்காது. காலையோ, மழை விட்ட மாலையோ ஏற்றது. இடம் மொட்டை மாடியாக இருக்கக் கூடாது. குமிழியைத் துரத்தும் குழந்தை மேலே பார்த்துக்கொண்டே ஓடும், கைப்பிடிச் சுவர் எங்கிருக்கிறது என்று பார்க்காது. கரைசல் சிந்திய டைல்ஸ் தரையும் அப்படியே வழுக்கும். மண் தரைதான் சரி.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சதுரமாக ஒரு வளையம் செய்ததும், ‘இதிலும் உருண்டைதான் வரும்’ என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். குழந்தையைச் சொல்ல விட வேண்டும். சதுர முட்டை வரும் என்று அடித்துச் சொல்லும். ஊதிப் பார்த்துவிட்டு, வளையத்தைத் திருப்பிப் பிடித்து இன்னொருமுறை ஊதும். ஒரே அளவு காற்றை மிகக் குறைந்த பரப்பில் அடைத்து வைக்கும் வடிவம் உருண்டை என்பதை அதற்குப் பிறகு சொன்னால் காதில் ஏறும். பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ (கிரேக்க ஞானி அல்லர்) பார்வையை இழந்த பின்னரும் உதவியாளர்களின் துணையோடு, கம்பிச் சட்டங்களைக் கிளிசரின் கலந்த கரைசலில் தோய்த்து ஆராய்ந்து, 1873இல் அந்த முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவர் செய்தவற்றில் ஒன்றை வீட்டிலும் செய்யலாம். ஆறு உறிஞ்சுகுழல் துண்டுகளை நூலில் கோத்து நான்கு முக்கோண முகங்கள் கொண்ட கூடாகக் கட்டி, வாளியில் முழுவதுமாக முக்கி மெல்லத் தூக்குங்கள். வெளிப்பக்க முகங்களில் படலம் ஒட்டியிருக்கும் என்றே எல்லோரும் எதிர்பார்ப்போம். ஆனால் ஆறு படலங்கள் உள்நோக்கிச் சென்று, கூட்டின் நடுவே ஒரே புள்ளியில் கூடி நிற்கும்.