சேலத்தில் உங்கள் தெருவுக்கு ஒரு சபை தொடங்குவது எப்படி?

கிராமத்துக்காரர்களுக்குக் கிராம சபை இருக்கிறது, மாநகராட்சிக்குள் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் நிறைய. 2022-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்து, வார்டு குழுவும் பகுதி சபையும் நமக்கும் உண்டு என்றாகிவிட்டது. கவுன்சிலர்தான் வார்டு குழுத் தலைவர்; பகுதி சபையில் அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். ஆனால் பகுதி சபைக் கூட்டம் என்று அறிவித்த அன்று மட்டும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. அதற்கு முன்பே தெருவில் நாமே கூடிப் பேசிப் பழக வேண்டும்.

முப்பது, நாற்பது வீடு போதும். முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு பிரச்சினை, சாக்கடை என்றால் சாக்கடை மட்டும்.

நாள் குறிப்பதுதான் பெரிய வேலை. குழாயில் தண்ணீர் விடும் நாளில் வைத்தால், குடமும் டிரம்மும் நிரம்பும்வரை பெண்கள் வீட்டைவிட்டு நகர முடியாது. அம்மாபேட்டை என்றால் தறிக்காரர்களையும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் என்றால் கொலுசுப் பட்டறைக்காரர்களையும் எப்போது தோது என்று கேட்டுவிடுங்கள். ஆடியில் மாரியம்மன் பண்டிகை நேரத்தில் கூட்டம் என்ற பேச்சே வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள், முக்கியமாக வாடகைக்கு இருப்பவர்களிடம்; அவர்களை யாருமே கூப்பிடுவதில்லை.

கட்சிக்காரர்களும் வரட்டும், மேடை, மாலை மட்டும் கூடாது. சால்வை வந்துவிட்டால் கூட்டம் போச்சு! ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்து, வழக்கமாகப் பேசாதவர்களை முதலில் பேச விடுங்கள்.

அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, தீர்மானம், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி, கலையும் முன் சத்தமாக வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று உங்கள் மண்டல அலுவலகத்துக்கு (சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி இவற்றில் எதுவோ அது). பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

பதிலே இல்லையா? திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் அதே நகலோடு மனு கொடுங்கள். வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் மழுப்பிவிடுவார்கள். வேலை உத்தரவின் நகல், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகம்) நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வந்த பதிலை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகே புதுப் பிரச்சினையை எடுங்கள்.