விளையாட்டு அட்டைகளை ஆன்லைன் அருங்காட்சியகத்தில் பார்ப்பது எப்படி? பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

சிகரெட்டோடும் சூயிங்கத்தோடும் வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைப் பற்றித் தேடினால் வருவது பெரும்பாலும் விலைதான். 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்று படிப்போம், வாயைப் பிளப்போம், அடுத்ததற்குப் போய்விடுவோம். அந்த அட்டையின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. 130 வருஷத்துக்கு முந்தைய அட்டைகளைக் கூட இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரு பைசா கொடுக்காமல், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட நெருக்கமாகப் பார்க்க முடியும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. ஒரு வெள்ளைத் தாளை 3.7 செ.மீ. அகலம், 6.7 செ.மீ. உயரத்துக்கு வெட்டி லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த அட்டைகளின் அளவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். திரையில் எல்லா அட்டையும் ஒரே அளவாகத் தெரியும், அளவு மறந்துபோகும். இந்தத் துண்டுத் தாள் பக்கத்தில் இருந்தால், இவ்வளவு சின்ன இடத்தில்தானா இத்தனை நிறமும் எழுத்தும் என்ற வியப்பு கடைசி வரை இருக்கும். மொபைலிலும் பார்க்கலாம், ஆனால் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட லேப்டாப் இருந்தால் நல்லது.

சரி, எங்கே போவது? அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துக்குப் போங்கள். தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் பேஸ்பால் கார்ட்ஸ் என்று அடித்தால் பெஞ்சமின் கே. எட்வர்ட்ஸ் சேகரித்த தொகுப்பு வரும். 1887 முதல் 1914 வரையிலான சுமார் 2,100 அட்டைகள். எட்வர்ட்ஸ் இறந்த பிறகு அவருடைய மகள் அந்த ஆல்பங்களைக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கிடம் கொடுத்தார், அவர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஏதாவது ஒரு அட்டையைத் திறந்து, இறக்கிக்கொள்ளும் வசதியைப் பாருங்கள்: சின்ன ஜேபெக், பெரிய ஜேபெக், டிஃப் என்று பல அளவில் இருக்கும். எப்போதும் இருப்பதில் பெரியதையே எடுங்கள். சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு அட்டையைப் பார்த்துவிட்டதாக நினைப்பது, சாப்பாட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு வயிறு நிறைந்ததாக நினைப்பது மாதிரி.

அங்கே முதலில் ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளைத் தேடிப் பாருங்கள். குட்வின் என்ற நியூயார்க் புகையிலைக் கம்பெனி 1880-களின் பிற்பகுதியில் போட்டவை. இவை அச்சடித்த படங்கள் இல்லை, நிஜப் போட்டோக்கள், பழுப்பு நிறத்தில், கெட்டி அட்டையில் ஒட்டியவை. ஒரு ஆட்டக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிப் பந்தைப் பிடிக்கப் போகிறார், பின்னால் தீட்டிய திரைச்சீலை. பந்துக்கு மேலே கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். பல அட்டைகளில் ஒரு மெல்லிய கோடு மேலே போவது தெரியும். அது நூல். அன்றைய கேமராவால் பறக்கும் பந்தை நிறுத்திப் பிடிக்க முடியாது, அதனால் ஸ்டூடியோவில் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டக்காரரை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த நூலை முதல்முறை பார்த்த ராத்திரி நான் வேறு எந்த அட்டையையும் திறக்கவில்லை. சட்டை பொத்தான் எல்லாம் மாட்டி, தலைவாரி, ஆடாமல் நிற்கும் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகரெட்டுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வரும். அன்றைய சிகரெட் பாக்கெட் வெறும் மெல்லிய காகிதம். உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். சும்மா இருக்கும் அட்டையில் படம் போட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியது, தொடராக வெளியிட்டால் முழு செட்டும் சேர்க்கவே ஆள் வாங்குவான் என்பது வியாபாரிக்குப் புரிந்தது. அவ்வளவுதான் ஆரம்பம்.

இப்போது பின்பக்கத்துக்கு வருகிறேன், இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தொகுப்பில் பின்பக்கப் படம் இருக்கும் அட்டைகளில் அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். டி206 என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் வெள்ளை ஓர அட்டைகள், அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909-1911-ல் விட்டவை, 500-க்கும் மேற்பட்ட அட்டைகள். ஒரே ஆட்டக்காரர், ஒரே படம், ஆனால் பின்பக்கம் திருப்பினால் வேறு வேறு பிராண்டு: பீட்மாண்ட், ஸ்வீட் காபொரல், ஓல்ட் மில் என்று மொத்தம் 16 பெயர்கள். அதில் டால்ஸ்டாய் என்று ஒன்று, ஹிந்து என்று ஒன்று. ஆமாம், அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஒரு சிகரெட்டுக்கு ஹிந்து என்று பெயர் வைத்திருந்தது. போலார் பேர் என்ற பெயர் பின்னால் இருந்தால் அட்டையில் கறை இருக்கிறதா பாருங்கள். அது சிகரெட் இல்லை, உதிரிப் புகையிலை, அட்டை அதற்குள்ளேயே கிடந்ததால் பலவற்றில் பழுப்பேறியிருக்கும். முன்பக்கம் ஆட்டக்காரரைக் காட்டும், அட்டை யார் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் தளம், சுருக்கமாக மெட். அங்கே ஜெஃபர்சன் பர்டிக் என்ற ஒருவருடைய தொகுப்பு இருக்கிறது. சிராக்யூஸ் ஊரில் சாதாரணத் தொழிலாளியாக இருந்தவர். வாழ்நாள் முழுக்க அச்சுத் துண்டுகளைச் சேகரித்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை மியூசியத்துக்குக் கொடுத்தார், அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000-க்கு மேல். மூட்டுவலி முற்றிய நிலையிலும் அவரே போய் உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டி அடுக்கினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, இரண்டு மாதத்தில் இறந்துபோனார். டி என்றால் டொபாக்கோ, என் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று அட்டைகளுக்குக் குறியீடு போட்டவரும் அவர்தான். டி206 என்ற பெயரே அவர் வைத்தது. அதனால் இந்தத் தளங்களில் தேடும்போது ஆட்டக்காரர் பெயரைவிட இந்தக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் செட் செட்டாகக் கிடைக்கும். அவர் ஒட்டியே வைத்துவிட்டதால் மெட்டில் பெரும்பாலும் முன்பக்கம்தான் பார்க்க முடியும். நான் செய்வது: முன்பக்கத்துக்கு மெட், பின்பக்கத்துக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், இரண்டையும் இரண்டு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்வது.

புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் அட்டையும் மெட்டில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் அணி ஆட்டக்காரர், ஆரஞ்சுப் பின்னணியில் மார்பளவுப் படம். அவர் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டதால் உலகத்திலேயே சில டஜன்தான் மிச்சம். குழந்தைகள் கையில் புகையிலை போகக்கூடாது என்று தடுத்தார் என்பார்கள், பணம் ஒத்துவரவில்லை என்றும் சொல்வார்கள். அதையும் பாருங்கள், ஆனால் பக்கத்திலேயே ஷெர்ரி மேகியின் அட்டையையும் தேடுங்கள். பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, பிறகு திருத்திய அட்டை அது. தப்பும் திருத்தமும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சுகம் தனி.

ஜூம் செய்யும்போது எதைப் பார்ப்பது? புள்ளிகளை. டி206 கல்லச்சு முறையில் வந்தது. கன்னத்தின் நிழல் ஒழுங்கில்லாத சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும், கீழே இருக்கும் பெயரோ ஒரே சீரான மையில், புள்ளியே இல்லாமல் இருக்கும். பின்னாளில் போட்டோ எடுத்துத் திரும்ப அச்சடித்த நகலில் எழுத்தும் புள்ளிகளால் ஆகியிருக்கும். இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இங்கிலாந்துக்காக ஆடிய இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ரஞ்சித்சிங்ஜி படம் போட்ட வில்ஸ் சிகரெட் அட்டை என்று ஒரு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கினேன், ஒரிஜினல் என்றுதான் போட்டிருந்தார். வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் வரிசை வரிசையாகப் புள்ளி. திருப்பி அனுப்பக் கேட்டேன், பதிலே இல்லை. வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் நூலகப் படங்களோடு ஒப்பிட்டிருந்தால் விளம்பரப் படத்திலேயே தெரிந்திருக்கும்.

கிரிக்கெட் அட்டைகள் வேண்டும் என்பவர்களுக்கு நியூயார்க் பொது நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பு. ஜார்ஜ் ஏரண்ட்ஸ் சேகரித்த சிகரெட் அட்டைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பூ, கப்பல், கொடி, நடிகை எல்லாம் கலந்து. வில்ஸ், ஜான் பிளேயர் என்று கம்பெனி பெயரோடு கிரிக்கெட்டர்ஸ் என்று சேர்த்துத் தேடுங்கள். 1896-ல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 154 அடித்த ரஞ்சித்சிங்ஜியை அந்தக் காலத்து ஆங்கிலேயர் எந்த முகத்தோடு வரைந்தார்கள் என்று பார்ப்பது எனக்கு எந்தப் புத்தகத்தையும் விட அதிகம் சொன்னது.

பார்த்துக்கொண்டே போகும்போது யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். டி206 முழுவதிலும் கறுப்பின அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர்கூடக் கிடையாது, ஏனென்றால் பெரிய லீக்குகள் அவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆஸ்கர் சார்ல்ஸ்டன் போன்ற மகத்தான ஆட்டக்காரரின் அட்டை வேண்டுமானால் 1923-24-ல் கியூபாவில் வந்த பில்லிகென் செட்டுக்குப் போகவேண்டும், குளிர்காலத்தில் அவர்கள் அங்கே போய் ஆடினார்கள். ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 1947-ல் பெரிய லீக்குக்குள் வந்த பிறகு, 1940-களின் கடைசியில்தான் லீஃப், போமன் கம்பெனிகளின் செட்டுகளில் அவருடைய முகம் வருகிறது. இந்த வரிசையில் பார்த்தால் நெஞ்சு கனக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

1952-க்கு வந்தால் அட்டை பெரிதாகிறது, சூயிங்கத்தோடு வருகிறது. டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கர்தான் அந்த செட்டை வடிவமைத்ததில் முக்கியமானவர்: 407 அட்டைகள், முன்னால் கையெழுத்தும் அணிச் சின்னமும், பின்னால் போன வருஷக் கணக்கு, மொத்தக் கணக்கு. கடைசி வரிசை எண்கள் சீசன் முடியும் சமயத்தில் வந்ததால் விற்காமல் தங்கிவிட்டன, 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே சொல்லியிருக்கிறார். மேன்டில் அட்டை 311-ம் எண், அந்தக் கடைசி வரிசையின் முதல் அட்டை. அதன் பின்பக்கத்தில் எண்ணைச் சுற்றி ஒரு பந்து வரைந்திருக்கும். அந்த அட்டையை ஒரே பெரிய தாளில் இரண்டு இடத்தில் அச்சடித்ததால் பந்தின் தையல் ஒன்றில் இந்தப் பக்கமும் மற்றதில் அந்தப் பக்கமும் பார்க்கும். ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பக்கங்களில் பெரிய ஸ்கேன்கள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

நவீன அட்டைகளுக்கும் இதே கதைதான். 1989-ல் அப்பர் டெக் கம்பெனி போலியைத் தடுக்க ஹோலோகிராம் ஒட்டியது, அதுவும் பின்னால்தான். சட்டைத் துண்டு பதித்த அட்டைகளில் முன்பக்கம் ஆட்டக்காரர் கம்பீரமாக நிற்பார், பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் பல சமயம் அந்தத் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்திலிருந்தும் எடுத்ததல்ல என்று இருக்கும். பளபளக்கும் குரோம் அட்டைகளை ஸ்கேனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஸ்கேனில் அவை செத்துப்போய்த் தெரியும். யாராவது கையில் வைத்துச் சாய்த்துக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். பிஎஸ்ஏ போன்ற தரம் பார்க்கும் கம்பெனியின் பெட்டியில் இருக்கும் அட்டை என்றால் லேபிளில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் விவரம் வரும், பலவற்றுக்கு இரண்டு பக்கப் படமும் வரும். ஆனால் எண் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். 1991-ல் பிஎஸ்ஏ முதன்முதலில் தரம் பார்த்த வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தான் வெட்டியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக, உங்களுக்கென்று ஒரு காட்சியறை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் போதும். ஃபைல் பெயரை வருஷம், கம்பெனி, எண், ஆட்டக்காரர், முன் அல்லது பின் என்ற வரிசையில் வைத்தால் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். எந்த நூலகத்திலிருந்து எடுத்தது என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பழையவற்றில் பெரும்பாலானவை உரிமைச் சிக்கல் இல்லாதவை. புதிய அட்டைப் படங்களை உங்கள் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சின்ன வயசில் விளையாடிய டிரம்ப் கார்டு கட்டு ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் சேருங்கள். 600 டிபிஐ, மேலே கறுப்புத் தாள், இரண்டு பக்கமும் ஸ்கேன். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு எடுக்கவே முடியாது. என்னிடம் இருக்கும் ஒரு கபில் தேவ் கார்டின் பின்பக்கத்தில், புள்ளிவிவரத்துக்கு மேலே, நீல மை பேனாவால் என் மாமா பையன் தன் பெயரையும் "திருடாதே" என்றும் எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் ஸ்கேன் செய்தேன்.