கடை இல்லாத ஊரில் ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது

மலேசியாவின் கிள்ளானிலிருந்து பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு மாற்றலாகி வந்தபோது என் காரின் பின்சீட்டில் துணிமணியைவிட 'போர்ட் கேம்' எனும் மேசை ஆட்டப் பெட்டிகள்தான் அதிகம். கட்டான், கார்க்கசோன், ஸ்ப்ளெண்டர், இன்னும் ஏழெட்டு. ஊருக்கு வெளியே செம்பனை ஆலையில் சார்ஜ்மேன் வேலை. வாடகை வீடு பார்த்துக் கொடுத்த அண்ணன் பெட்டிகளை இறக்க உதவியபடியே, "தம்பி, விளையாட்டுச் சாமான் கடை போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

கடை இருக்கட்டும், கூட உட்கார நாலு பேர் கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அந்த நாலு பேரைச் சேர்க்க ஏழு மாதம் ஆனது. இன்றைக்குத் தெரிந்தது அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். தோட்டத்துப் பக்கம் வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் அந்த ஏழு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடை. சின்ன ஊரில் இருக்காது, பக்கத்துப் பெரிய ஊரில் இருக்கும். எனக்கு அது ஈப்போ. ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையில், செம்மோர் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கைப்பேசி வரைபடத்தில் 'போர்ட் கேம்' என்று ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். மலாயில் 'பெர்மாயினான் பாப்பான்' என்றும் தேடுங்கள். சீனத்தில் தேடுவது இன்னும் முக்கியம். மாண்டரினில் இந்த ஆட்டங்களுக்கு 'ஜுவோ யோ' என்று பெயர், இரண்டே எழுத்து. வேலையிடத்துச் சீன நண்பரிடம் கைப்பேசியை நீட்டி, அந்த இரண்டு எழுத்தையும் தட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு மாடிக்கடையை நான் அப்படித்தான் பிடித்தேன். அதற்கு ஆங்கிலத்தில் பெயர்ப்பலகையே கிடையாது.

கிளம்புவதற்கு முன் போன் போடுங்கள். நான் போடவில்லை. மழையில் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினால், வரைபடத்தில் நாலரை நட்சத்திரம் வாங்கிய கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தைப் பார்த்துப் பயனில்லை. கடைசிப் படம் எந்த மாதம் போட்டது என்று பாருங்கள்.

போன் போடும்போதே என்ன மாதிரிக் கடை என்றும் கேட்டுவிடுங்கள். போக்கிமோன், மேஜிக் போன்ற அட்டைகளை விற்று வாழும் கடை ஒரு வகை. அங்கே வார இறுதியில் போட்டி நடக்கும், கூட்டம் இருக்கும், ஆனால் கட்டான் விளையாட ஆள் இருக்காது. தலைக்கு இவ்வளவு அல்லது மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, அலமாரியில் உள்ள பெட்டியை எடுத்து விளையாட விடும் காபே இன்னொரு வகை. புது ஊருக்கு வந்தவருக்கு இரண்டாவதுதான் உதவும். 1993இலிருந்து வரும் மேஜிக்தான் உங்கள் ஆட்டம் என்றால் கவலையே இல்லை. அதை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், போட்டி நடத்தும் கடைகளை ஊர்வாரியாகத் தேடலாம்.

கடைக்குள் போனதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "இங்கே குழு ஏதாவது இருக்கா?" என்பதுதான். இருக்கும். ஆனால் அது ஈப்போக் குழு. இரவு பதினொரு மணிக்கு முடியும், உங்களுக்கோ காலை ஷிப்டு. நான் மூன்று முறை போய்விட்டு நிறுத்திக்கொண்டேன். பிறகொரு நாள் கடைக்குப் போனபோது வேறு மாதிரிக் கேட்டேன்: "சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கமிருந்து யாராச்சும் வர்றாங்களா?" கல்லாவில் இருந்த பெண் யோசித்துவிட்டு, கோலகங்சாரில் ஒரு தாதி இதையேதான் கேட்டுவிட்டுப் போனார் என்றாள். என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்தது. என் முதல் ஆள் அவர்.

மற்ற ஆட்கள் எல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. 'போர்ட் கேம் விளையாடுகிறவர்' என்று தேடினால் சுங்கை சிப்புட்டில் ஒருவரும் இல்லை. ஏற்கெனவே ஏதோ ஒன்றை விளையாடுகிறவர் என்று தேடுங்கள். ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் கேரம் பலகை கிடக்கும், சாயங்காலம் யார் அதைச் சுற்றி நிற்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் சதுரங்கக் கழகத்தைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள். முடிதிருத்தும் கடையில் தாம் (செக்கர்ஸ்) பலகையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால், முடி வெட்டாவிட்டாலும் போய் உட்காருங்கள். எனக்கு அங்கே ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், ஒருவர் கிடைத்தார். வயது எழுபதுக்கு மேல். லயத்துத் திண்ணையில் அவர் அம்மாவோடு தாயம் ஆடியே வளர்ந்தவர். இரண்டு கட்டையை உருட்டினால் எந்த எண் அதிகம் விழும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கூப்பிடும்போது வாய் ஜாக்கிரதை. "சீட்டு விளையாட வர்றீங்களா ஐயா?" என்று நான் கேட்டது மண்டோர் வீட்டம்மா காதில் விழுந்து, இரண்டு வாரம் அவரை வெளியே விடவில்லை. அட்டை என்று சொல்லுங்கள், சீட்டு என்று சொல்லாதீர்கள்.

முதல் நாள் எந்தப் பெட்டியைக் கொண்டுபோவது? நான் கட்டானைக் கொண்டுபோனேன். 1995இல் ஜெர்மனியில் வந்த ஆட்டம், உலகமே விளையாடுகிறது, பிறகென்ன என்று நினைத்தேன். விதி சொல்லவே இருபத்தைந்து நிமிடம் ஆனது. அது போதாதென்று, மூன்று அல்லது நான்கு பேருக்கான ஆட்டத்துக்கு ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஐந்தாமவர் தே-ஓ குடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் அவர் வரவேயில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத நாளில், எத்தனை பேரையும் ஏற்றுக்கொள்ளும் ஆட்டம் வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது கோட்நேம்ஸ். இரண்டு அணி, மேசையில் 25 சொற்கள். எந்தச் சொல் எந்த அணிக்கு என்பது அணித்தலைவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். தலைவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்வார்; அதை வைத்து மற்றவர்கள் தங்கள் சொற்களைத் தொட வேண்டும். ஒரே ஒரு சொல் கொலைகாரன், தொட்டால் அணி அங்கேயே தோற்றது. ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால் அட்டைகளில் இருப்பது ஆங்கிலச் சொற்கள், எங்கள் மேசையில் பாதிப் பேருக்கு அது கூச்சம். ஆனால் தலைவர்கள் பார்க்கும் அட்டையில் வெறும் நிறக் கட்டங்கள்தான், மொழியே கிடையாது. ஆகவே ஸ்டேஷனரிக் கடையில் கெட்டி அட்டை வாங்கி, பெயர்அட்டை அளவுக்கு வெட்டி, நூறு தமிழ்ச் சொல் எழுதினேன். வாளி, உளி, கங்காணி, எருமை, பிரட்டு, குறள், கொலுசு, மின்னல் என்று.

முதல் ஆட்டத்தில் நான் தலைவர். மேசையில் வாளி, எருமை, தேநீர் மூன்றும் எங்களுடையவை. "பால், மூன்று" என்றேன். மண்டோர் ஐயா யோசிக்கவே இல்லை, விரல் நேராக வாளிக்குப் போனது. அவருக்குப் பால் என்றால் ரப்பர் மரத்துப் பால்தான். கல்லூரி மாணவன் ஒருவன் எருமையைத் தொட்டான். அடுத்து தேநீர்தான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சதுரங்க டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். "குறள்! அறத்துப்பால், பொருட்பால், இன்பத்துப்பால். மூணு பால், சார் சொன்னதும் மூணு!" குறள்தான் கொலைகாரன். எதிர் அணி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரம் எங்கள் மேசையில் உட்கார்ந்தார்கள். நான் ஒட்டிய எந்த நோட்டீசும் அதற்கு முன் ஒருவரையும் கொண்டுவந்ததில்லை.

இடம் பிடிப்பதுதான் ரொம்பப் படுத்தியது. ஒரு கோயில் மண்டபத்தைக் கேட்டுப் போனேன். நிர்வாகத்தில் ஒருவர் பகடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தர்மன் நாட்டைத் தோத்தது இதுலதான்" என்று திருப்பித் தந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பகடையும் அட்டையும் பரப்பி ஆறு பேர் குனிந்து உட்கார்ந்தால் தூரத்திலிருந்து அது சூதாட்டம்தான். இந்த நாட்டில் சூதாட்ட வீடுகளுக்கென்றே 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, கடைக்காரர்கள் பயப்படத்தான் செய்வார்கள். எனவே மேசைமேல் காசு வேண்டாம், தேநீர்க் காசைக்கூடத் தட்டிலேயே வையுங்கள். ஆட்டத்தில் காகிதப் பணம் இருந்தால் முதல் மாதம் அந்தப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கடை முதலாளியை ஒரு சுற்று உட்கார வைத்துவிட்டால் பிறகு அவரே மற்றவர்களுக்கு விளக்குவார்.

மாமாக் சாப்பாட்டுக் கடை சரிப்படவில்லை, மின்விசிறி அட்டையைப் பறக்க வைக்கிறது. பழைய கோப்பிக் கடையில் மார்பிள் மேசை, சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த ஞாயிறு மூன்று மணி, தலைக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு. ஈப்போ புந்தோங்கின் கச்சான் பூத்தே, அதாவது கடலை முறுக்கு, பாக்கெட்டை யாராவது கொண்டுவருவார்கள். சாப்பிடலாம், ஆனால் தனி மேசையில். முறுக்கு எண்ணெய் பட்ட அட்டையை இருட்டில்கூட அடையாளம் சொல்லிவிடலாம். அட்டைகளுக்கு உறை போடுங்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள். இந்தப் புழுக்கத்தில் அட்டை அப்பளமாய் வளைந்துவிடும்.

நாள் குறிப்பதிலும் தோட்டத்துக் கணக்கு வேறு. ஏழாம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும், அதையொட்டிய ஞாயிறு எல்லாரும் குடும்பத்தோடு சாமான் வாங்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு வைக்காதீர்கள். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் காய்ப்பு அதிகமான மாதங்களில் ஆலைக்காரர்களுக்கு ஞாயிறு என்பதே கிடையாது. எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் புலனக் குழு தூங்கிவிடும். அதைப் பார்த்துக் குழு செத்துவிட்டது என்று நினைத்து நான் ஒருமுறை கலைத்தேவிட்டேன். நவம்பரில் எல்லாரும் திட்டினார்கள்.

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட ஆசை இருந்தால் கடையே வேண்டாம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம், பகடைத் தொகுப்பு ஒன்று தபாலில் வரும். கதை சொல்ல ஆள்தான் வேண்டும். இரவில் பால்மரக் காட்டுக்குள் வெள்ளையாய் ஒன்று நின்ற கதையை மண்டோர் ஐயா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக் குரலில் சொல்லி முடித்தபோது, பகடையை உருட்ட யாருக்கும் கை வரவில்லை.

கடைசியாக, மழை பெய்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், எல்லாரும் மோட்டார் சைக்கிள். ஒருவர் மட்டும் நனைந்துகொண்டு வந்து நிற்பார். அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு பேருக்கென்றே செய்த ஜெய்ப்பூர் என்ற சின்னப் பெட்டி உண்டு, ஒட்டகம் சேர்த்து வியாபாரம் செய்யும் ஆட்டம், அரை மணியில் முடியும். பிளாஸ்டிக் பையில் சுற்றி மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.